விமானத் தொழிலாளிக்குப் பூட்டிய விலங்கு

"ஆகாயத்தில் பறக்கிறவனுக்கும் விடியுமுன் பெரட்டுக்கு நிற்கிறவனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் தோழர்கள் நம்மில் உண்டு. இருவரையும் ஆள்வது ஒரே தொழிற்சட்டம். அதுதான் சம்பந்தம்!

1978-79-இல் மலேசிய விமான நிறுவன ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டுப் போராடினார்கள். ஹுசேன் ஓன் அரசாங்கம் என்ன செய்தது? 1979 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை ஏவி, இருபதுக்கு மேற்பட்டோரை விசாரணையின்றிக் காவலில் வைத்தது. அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆசியப் பிரதிநிதி டொனால்ட் யூரனும் அவர்களுள் ஒருவர். சங்கத்தின் பதிவும் ரத்தாயிற்று. அத்துடன் முடிந்ததா? இல்லை. 1980-இல் தொழிற்சங்கச் சட்டமும் தொழிலியல் உறவுச் சட்டமும் திருத்தப்பட்டு, அமைச்சரின் கையும் பதிவதிகாரியின் கையும் மேலும் நீண்டன. விமான ஊழியரை அடக்கப் பிறந்த திருத்தம், பத்தாங் பெர்ஜுந்தையில் பால் வெட்டியவரையும் ஈஜோக்கில் கணக்கெழுதிய கிராணியையும் சேர்த்தே கட்டியது.

நம் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 1941-இல் கிள்ளானில் மூண்டு கோலசிலாங்கூர்வரை பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், வெள்ளை அரசாங்கம் ஆர். எச். நாதனை நாடு கடத்தியது, பட்டாளத்தை இறக்கியது, குண்டுக்குத் தொழிலாளர் உயிரைப் பலி கொடுத்தது. சம்பளத் தகராறு துரைக்கும் நமக்கும். தீர்ப்பு அரசாங்கத்தின் கையில்!

"நல்லவர் பதவிக்கு வந்தால் நமக்கு விடிவு" என்று நம்பலாமா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஜனாதிபதி அவசரக் குழு அமைத்தால் விமான வேலைநிறுத்தம் தள்ளிப்போகும். 1997 பிப்ரவரியில், தொழிலாளரின் நண்பர் எனப்பட்ட கிளின்டன், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிறுத்தினார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் சங்கம் 1980 தேர்தலில் ரீகனை ஆதரித்தது. 1981 ஆகஸ்டில் அதே ரீகன், வேலைநிறுத்தம் செய்த அந்த அரசாங்க ஊழியர்களில் 11,000-க்கு மேற்பட்டோரை வேலைநீக்கம் செய்தார். சிரித்த முகத்தை நம்பினார்கள், சீட்டுக் கிழிந்தது.

இங்கே அமைச்சர் ஒரு தகராறைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால், அதன்பின் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். நீதிமன்றத்தால் நன்மை பெற்ற தொழிலாளர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்டுப் போவது வேறு, நம்மைக் கேட்காமல் அனுப்புவது வேறு. வேலையை நிறுத்தும் உரிமை இல்லாதவன் பேரம் பேசவில்லை, கெஞ்சுகிறான்.

தோழர்களே! உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் ரத்தாயிற்று. மக்கள் விடாமல் கேட்டால் சட்டம் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கோயிலுக்குக் கூரையும் லயத்துக்குச் சாலையும் கேட்கிறோம், கேட்கட்டும். அத்துடன் ஒன்று கேளுங்கள்: "சங்கத்தின் சம்மதமில்லாமல் தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை நீக்க, சட்டமன்றத்திலல்ல, நாடாளுமன்றத்தில் கை தூக்குவீரா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு தொழிலாளிக்கு விலங்கு பூட்டும்போது வாய்மூடி நின்றால், அடுத்த விலங்கு நம் கைக்குத்தான்!