சிறுபொருளாளரும் பந்தய யந்திரமும்

கார்ப் பந்தயத்தில் வெல்லப் பெரும்பொருள் வேண்டுமென்பர் பலர், யாம் உடன்படோம். 1959-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு ஆங்கிலியா என்னும் எளிய சிறுகார் புதிய யந்திரத்துடன் வெளிவந்தது. அதன் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடுந் தூரமோ 48 மில்லிமீட்டரே. முந்திய யந்திரத்தில் அத்தூரம் 92.5. நிமிஷத்திற்கு 7000 சுழற்சியில் புதியதன் பிஸ்டன் விநாடிக்குச் சராசரி 11 மீட்டரே ஓடும். பழையதன் பிஸ்டனோ 21 மீட்டருக்கு மேல் ஓடவேண்டும். அவ்வேகத்தில் உறுப்புக்கள் முறியும்.

ஆதலின் கைப்பொருள் சுருங்கிய இளைஞர், பழைய யந்திரத்தின் கிராங்குத்தண்டை மாற்றிப் பணமிழத்தல் வேண்டா. இயல்பிலேயே ஓட்டங் குறுகியதைத் தேர்ந்து, வால்வுகளையும் காம்தண்டையும் செப்பஞ்செய்வதிலேயே பொருளைச் செலவிடுக. ஆங்கிலியா யந்திரத்தை இங்ஙனம் செப்பஞ்செய்து பூட்டிய லோட்டஸ் காரிலேதான் 1960-ல் ஜிம் கிளார்க் ஃபார்முலா ஜூனியர் பந்தயங்களில் வென்றார். பணத்தினும் தேர்ச்சியே முந்துமென்பதற்கு இதுவே சான்று.