கண்ணை வைத்துப் பார்த்து வாங்குங்கள்



போன வாரம் கூந்தன்குளம் நாரைப் படத்தைப் போட்டதிலிருந்து "என்ன கேமரா சார்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிக்கான் டி7200. 2015-இல் வந்த மாடல். கூடவே ஒரு 70-300 லென்ஸ். இரண்டும் செகண்ட் ஹேண்ட். "இந்தக் காலத்தில் போய் டிஎஸ்எல்ஆர் வாங்குவார்களா?" என்று சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

எட்டு மாதத்துக்கு முன் எனக்கு வலக்கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே வைத்த லென்ஸ் தூரப் பார்வைக்கானது. தெருமுனையில் வரும் பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரிகிறது, கையில் இருக்கும் செல்போன் தெரியவில்லை. நம் கண்ணில் இயற்கையாக இருக்கும் லென்ஸ் தன் வளைவை மாற்றிக்கொண்டு கிட்டத்தையும் தூரத்தையும் காட்டும். செயற்கை லென்ஸ் வளையாது. முப்பத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடம், என் கண்ணிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது!

சிகிச்சைக்குப் பிறகு முதல்முறை கூந்தன்குளம் போனபோது செல்போன்தான் கொண்டுபோனேன். பறவையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம். திரையைப் பார்க்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால், பதினொரு மணி வெயிலில் என் முகம்தான் அதில் தெரிகிறது. கழற்றிவிட்டு நிமிர்ந்தால் பறவை பறந்துவிட்டிருக்கிறது. ஒரு கரண்டிவாயன் என் தலைக்கு மேலேயே போயிற்று. எடுத்த படத்தில் வானம் மட்டும் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து, 'இனி நமக்குப் படம் எடுப்பது சரிப்படாது' என்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டம்மாதான், "கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு கேமரா இருந்ததே, அது இப்போது கிடைக்காதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. அந்தத் துளைக்குப் பெயர் வியூஃபைண்டர். அதன் ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், டயாப்டர் என்பார்கள். அதைத் திருப்பி நம் பார்வைக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டால், அந்தத் துளைக்குள் பார்க்கத் தனிக் கண்ணாடி தேவைப்படாது. வெயிலும் உள்ளே புகாது.

ஸ்டூடியோ வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். "சார், இப்ப எல்லாம் மிரர்லெஸ்தான். அதிலேயும் வியூஃபைண்டர் இருக்கு. உள்ளே ஒரு சின்னத் திரை. அதையே வாங்குங்க" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. 2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. மின்திரையில் வேறு நன்மைகளும் உண்டு. படம் வெளுத்துவிடுமா, இருண்டுவிடுமா என்பது எடுப்பதற்கு முன்பே தெரியும். மங்கிய வெளிச்சத்தில் அது பிரகாசமாகக் காட்டும். கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவருக்கு நானே அதைத்தான் சொல்வேன்.

ஆனால் என் தேவை வேறு. ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரே கூட்டைப் பார்க்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் 45 டிகிரி சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. அங்கே உள்ள பட்டகம், இடவலம் மாறிய பிம்பத்தை நேராக்கி என் கண்ணுக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் சங்கதி. கேமராவை ஆஃப் செய்தாலும் பறவை தெரியும். என் கேமராவுக்கு ஒரு சார்ஜில் 1,110 படம் என்பது கம்பெனிக் கணக்கு. சிறிய மிரர்லெஸ் பலவற்றில் இது 300, 400 அளவில்தான் நிற்கிறது. எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பாதி விலைக்கும் கீழே வருகின்றன. பென்ஷன்காரனுக்கு இது சின்ன விஷயமா?

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

1. துளை இருந்தால் போதும் என்று பழைய சின்ன கேமரா வாங்காதீர்கள். அதில் துளை ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம். கிட்டத்தில் எடுத்தால் நாம் பார்ப்பது ஒன்று, பதிவது ஒன்று. பேத்தியின் காதுகுத்தில் அப்படி ஒன்றை வைத்து எடுத்தேன். தாய்மாமனுக்குத் தலை இல்லை. அவர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

2. விலை குறைந்த டிஎஸ்எல்ஆரில் (நிக்கான் டி3500, கேனான் 1500டி போன்றவை) பட்டகத்துக்குப் பதில் சின்னக் கண்ணாடிகளை ஒட்டியிருப்பார்கள். எடை குறைவு, ஆனால் காட்சி கொஞ்சம் மங்கல். 95 சதவீதம்தான் தெரியும். டி7200, டி7500, கேனான் 90டி போன்றவற்றில் கண்ணாடிப் பட்டகம். ஏறக்குறைய முழுக் காட்சியும் தெரியும்.

3. நீங்கள் வழக்கமாகக் கண்ணாடி அணிபவர் என்றால், அதைப் போட்டுக்கொண்டே கடையில் கண்ணை வையுங்கள். நான்கு மூலையும் தெரிகிறதா? டயாப்டரைத் திருப்பும்போது வெளிக்காட்சியைப் பார்க்காமல், கீழே தெரியும் எண்களைப் பாருங்கள். அவை கூர்மையானால் சரி.

4. பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. பேரம் பேசாமல் திருப்பிக் கொடுங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

5. எடை. என் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. கழுத்துவலி உள்ளவர்கள் யோசியுங்கள்.

6. இது முக்கியம். இந்தத் துளை வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து நேரே கண்ணுக்குள் அனுப்பும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.

கடையில் போனால் மெகாபிக்சல், வீடியோ, வைஃபை என்று அடுக்குவார்கள். ஒரு கடையில் அரை மணி நேரம் பேசினார்கள். "கொஞ்சம் கையில் கொடுங்கள், கண்ணை வைத்துப் பார்க்கிறேன்" என்றதும் பெட்டியைப் பிரிக்க முடியாது என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். செருப்பைக்கூட நாம் காலில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

பிப்ரவரியில் மறுபடி கூந்தன்குளம் போனேன். ஒரு சங்குவளை நாரை, உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தது பதினோரு படம். கிளிக் செய்யும்போது உள்ளே கண்ணாடி மேலே எழும்பும், ஒரு நொடிக்கும் குறைவாக இருட்டும். ஆக, நீங்கள் படத்தில் பார்த்த அந்தக் கணத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. மீதி நாற்பது நிமிஷத்தையும் பார்த்துவிட்டேன். எனக்கு அது போதும்.

இடக்கண்ணுக்கும் அடுத்த வருஷம் சிகிச்சை இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செய்துகொள்ளலாம். என் வயதுக்காரர்கள் யாராவது 'திரை தெரியவில்லை' என்று கேமராவைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தால், அதை வெளியே எடுங்கள். அந்தக் குட்டிச் சக்கரத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

தெரிந்துவிட்டால், நீங்கள் எடுக்கும் முதல் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.