வந்தியின் ஊரில் பசியாற

உத்திரமேரூரிலிருந்து எங்கள் தெருப் பஜனைக் கோஷ்டியார் ஆண்டுக்கு ஒரு முறை பேருந்து அமர்த்திக்கொண்டு மதுரைக்குப் போவது வழக்கம். சென்ற ஆண்டு நாற்பத்திரண்டு பேர் சென்றோம். அவர்களில் முப்பது பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். பயணத் திட்டத்தை எழுதியவன் அடியேன். வாழ்நாளெல்லாம் வங்கியில் பேரேடு பார்த்த கை அல்லவா? எந்தக் கோயிலில் எப்போது நடை திறப்பு, எங்கே செருப்பு விடுவது, எந்த வாயிலில் கூடுவது என்று அனைத்தையும் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். ‘உணவு’ என்ற கட்டத்தில் மட்டும் ‘ஆங்காங்கே’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

அந்த ஒற்றைச் சொல்லின் விலை மறுநாள் தரிசன வரிசையில் தெரிந்தது. எங்கள் எதிர்வீட்டு அம்மையாருக்கு வயது எழுபத்து நான்கு. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர். விடியற்காலையில் பேருந்து மதுரையை அடைந்ததும் குளித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார். வயிற்றில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. பத்தரை மணி அளவில் உடல் வியர்த்து, கண் இருண்டு, தூணோடு சாய்ந்துவிட்டார். முன்னால் நின்ற ஓர் இளைஞர், முன்பின் அறியாதவர், தம் குழந்தைக்கு வைத்திருந்த பழச்சாற்றைப் புகட்டினார். சிறிது நேரத்தில் அம்மையார் கண் விழித்தார். கேட்ட முதற்கேள்வி, “தரிசனம் ஆயிடுச்சா?” என்பதே.

ஏன் எதுவும் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை: “சாமியப் பாக்காம எப்படித் தம்பி சாப்பிடறது? அதுவுமில்லாம, கிளப்புக் கடையில நான் கை நனைக்கறதில்ல.”

முதற்காரணத்துக்கு நான் மறுமொழி சொல்லப் போவதில்லை. விரதம் அவரவர் உடலையும் மனத்தையும் பொறுத்தது. ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போடுவது விரதத்தில் சேராது. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது காரணம் எனக்கு மிகப் பழக்கமானது. என் அன்னையாரும் அப்படியே வாழ்ந்தவர்.

காஞ்சிபுரம் பக்கத்தவர்களாகிய எங்களுக்கு நாக்கு சற்று நீளம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் இட்லி எங்கள் பக்கத்துப் பெருமை. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அதை உண்டு வளர்ந்தவர்களுக்கு வெளியூர் இட்லி எல்லாம் வெறும் வெள்ளை மாவாகத் தோன்றும். என் அன்னையார் அதற்கும் ஒரு படி மேலே. எங்கே போனாலும் எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி, வாழையிலைப் பொட்டலமாக அவருடைய பையில் இருக்கும். அது தீர்ந்தால் பழம். பழமும் தீர்ந்தால் பட்டினி.

1986-இல் எனக்கு மதுரையில் பணி. தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஆவணி மாதம் அன்னையார் என்னைப் பார்க்க வந்தார். ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத் திருவிழா நாளன்று மீனாட்சியம்மனும் சொக்கநாதரும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவர் அல்லவா? அதைக் காண அழைத்துப் போனேன்.

கதை நாம் அனைவரும் அறிந்ததே. வைகையில் வெள்ளம் வந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். புட்டு அவித்து விற்றுப் பிழைத்த வந்தி என்ற முதியவளுக்கு உற்றார் யாரும் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமந்தார். வேலையைச் சரியாகச் செய்யாமல் பிரம்படியும் பட்டார். அந்த அடி அனைத்துயிர்கள் மீதும் விழுந்தது என்பது திருவிளையாடல்.

நாங்கள் போன அன்று நல்ல கூட்டம். நண்பகல் வெயில். கொண்டுவந்த பொட்டலத்தை அன்னையார் அறையிலேயே மறந்து வைத்துவிட்டார். பசியால் அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார். வேப்பமரத்தடியில் ஒரு மூதாட்டி ஈயப் பாத்திரத்தில் புட்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அன்னையார் அந்தப் பாத்திரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாமே நடந்து போய், “நீங்களே இடிச்ச மாவா?” என்று கேட்டார். “பின்ன, மாவிடிக்க ஆளா வச்சிருக்கேன்?” என்றார் அந்த மூதாட்டி. இருவரும் சிரித்தனர். அன்னையார் அங்கேயே அமர்ந்து, இலையில் வாங்கிய புட்டை ஒரு பருக்கை மீதமின்றி உண்டார். நான் வாயடைத்து நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, “சாமியே கூலி வேலை செஞ்சு வாங்கித் தின்ன பண்டம்டா. அதுக்கு மேல எனக்கென்ன ஆசாரம்?” என்றார்.

ஊர் திரும்பிய பிறகு அவர் வெளியில் உண்டதாக நினைவில்லை. அந்தச் சலுகை மதுரைக்கு மட்டும்.

மதுரைக்கு அந்தச் சலுகை பொருந்தும் என்றே எனக்கும் தோன்றுகிறது. அன்னை மீனாட்சியின் திருமணத்தில் மிகுந்துபோன உணவைக் கண்டு பெருமிதம் வந்தபோது, குண்டோதரன் என்ற ஒரே பூதத்தை விட்டு அத்தனையையும் உண்ணச் செய்தார் இறைவன். அவனுடைய பசி தீர அன்னக்குழியும், தாகம் தீர வைகையும் வந்தன என்று பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடியுள்ளார். ஓர் ஆறே சாப்பாட்டுப் பந்தியில் பிறந்த ஊர் வேறு எது? அதற்கும் முந்திய மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் அவ்வூரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறார். மெல்லிய அடையும் பூரணம் வைத்த மோதகமும் விற்றவர்கள் நள்ளிரவில் கடையிலேயே கண்ணயர்வதும் அதில் வருகிறது. தூங்கா நகரம் என்ற பெயர் இன்று நேற்று வந்ததன்று.

இனி, இவ்வாண்டு போகிறவர்களுக்காக நான் குறித்து வைத்திருப்பவற்றைச் சொல்கிறேன். மதுரையில் வழி தவறுவது அரிது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று தாமரை இதழ்கள் போல அடுக்கடுக்காக இருக்கும். உணவுக்கு நீங்கள் மாசி வீதியைத் தாண்ட வேண்டியதே இல்லை. கோயில் நடை நண்பகல் பன்னிரண்டரை அளவில் சாத்தி, மாலை நான்கு மணிக்குத் திறக்கும். வயதானவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொண்டே உணவைத் திட்டமிட வேண்டும். காலையில் சிற்றுண்டி முடித்து வரிசைக்குச் செல்வதே நலம்.

காலைக்கு இட்லியே போதும். முருகன் இட்லிக் கடை சென்னை, சிங்கப்பூர் வரை போய்விட்டாலும் பிறந்த ஊர் மதுரைதான். மேல மாசி வீதியில் இருக்கிறது. வாழையிலையில் பஞ்சு போன்ற இட்லியும் நான்கு வகைச் சட்டினியும் வைப்பார்கள். எங்கள் குடலை இட்லியின் மணம் இதற்கு இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நான்கு உள்ளே போய்விடும். பல் இல்லாதவர்களுக்கும் ஏற்றது. காரச் சட்டினியை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை பழைய சிற்றுண்டிக் கடை. அங்கே வெள்ளையப்பத்தையும் பச்சை மிளகாய்ச் சட்டினியையும் விரும்பி வருவோர் பலர். எண்ணெய்ப் பண்டம் என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான் பணியில் இருந்த காலத்தில் ஒன்றோடு நிறுத்தியதில்லை. அதன் பலனை இன்று இருதய மருத்துவரிடம் அனுபவிக்கிறேன்.

பெயர் பெற்ற கடைகளைவிடத் தெருமுனை இட்லிக் கடைகளே மதுரையின் உயிர். இரவு பத்து மணிக்கு மேலும் ஆவி பறக்கும். கடை தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டே விதிகள். அந்த ஊர்க் குடும்பத்தினர் பிள்ளைகளோடு நின்று உண்கிறார்களா என்று பார்ப்பேன். குடிநீர் கொதித்து ஆறியதா என்று கேட்பேன். ஐயமிருந்தால் கையில் கொண்டுபோன நீரே மேல். மதுரை அசைவ உணவுக்கும் பேர்போன ஊர் ஆதலால், பெயர்ப் பலகையில் ‘சைவம்’ என்ற சொல்லைக் கண்டபின் நுழையுங்கள்.

நண்பகல் உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழகத் திருக்கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது; மீனாட்சியம்மன் கோயிலில் இப்போது நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. ஓய்வு பெற்ற புதிதில் அந்தப் பந்தியில் அமர எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னிடம் கடன் வாங்கிய பழைய வாடிக்கையாளர் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார் என்று தயங்கி நின்றேன். அப்படி ஒருவர் பார்த்தும் விட்டார். “வாங்க சார், இங்க இடம் இருக்கு” என்று தமக்குப் பக்கத்தில் இலை போடச் சொன்னார். சோறு, சாம்பார், ரசம், மோர் என்று காரம் குறைந்த, வயிற்றைப் புண்படுத்தாத உணவு. கடையில் கொடுத்திருக்கக் கூடிய தொகையை அன்னதான உண்டியலில் செலுத்திவிட்டு வந்தேன். கணக்கு நேராயிற்று. 2019 முதல் தரிசனம் முடித்து வருவோருக்கு ஒரு சிறு லட்டும் பிரசாதமாகத் தருகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு மீதியைப் பேரனுக்கு முடிந்து வையுங்கள்.

சித்திரைத் திருக்கல்யாணத்தன்று போனால் நிலைமையே வேறு. வடக்கு வெளி வீதி சேதுபதி மேல்நிலைப் பள்ளியில் பக்தர்கள் சேர்ந்து கல்யாண விருந்து படைப்பார்கள். உண்டவர்கள் தம் வீட்டுத் திருமணம் போல மொய் எழுதிவிட்டுச் செல்வார்கள். ஆயினும் அந்தக் கூட்டத்தில் முதியோர் துணையின்றிப் போகலாகாது.

மாலையில் தள்ளுவண்டிகளில் முள்ளுமுருங்கை வடையும் பருத்திப்பாலும் கிடைக்கும். பருத்தி விதையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலம் சேர்த்துக் காய்ச்சுவது பருத்திப்பால். சளி பிடித்த நெஞ்சுக்கு அது இதம் என்பது என் மனைவியின் கட்சி. ஜிகர்தண்டாவைப் பற்றிப் பேரப்பிள்ளைகளே சொல்லியிருப்பார்கள். விளக்குத்தூண் பக்கம் கிடைக்கும். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், பனிக்கூழ் எல்லாம் சேர்ந்தது. கடற்பாசி என்றதும் எங்கள் கோஷ்டியில் ஒருவர் முகம் சுளித்தார். அது கடலில் விளையும் தாவரமே, சைவம்தான். ஆனால் சர்க்கரை அதில் தாராளம். நானும் மனைவியும் ஒரு குவளையை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்வோம். பெரிய பங்கு யாருக்கு என்பது இன்னும் தீராத வழக்கு.

அழகர்கோயிலுக்குப் போகிறவர்கள் கள்ளழகரின் தோசைப் பிரசாதத்தை விடாதீர்கள். அரிசியும் உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்த்து நெய்யில் வேகும். பல்செட் வைத்திருப்பவர்கள் ஓரத்தை விட்டு நடுவைப் பிட்டு உண்ணலாம்.

இந்த மாதக் கடைசியில் மறுபடியும் பேருந்து கிளம்புகிறது. இம்முறை உணவுக் கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினேன். காலை ஆறரை மணிக்குச் சிற்றுண்டி. மாத்திரை சாப்பிடுவோர் அவரவர் மருத்துவர் சொன்ன முறைப்படி உணவோடு. ஏழரைக்கு வரிசை. ஒவ்வொருவர் பையிலும் ஒரு பிடி கல்கண்டு, ஒரு பழம், ஒரு குப்பி வெந்நீர். தள்ளாதவர் ஒவ்வொருவருக்கும் இளையவர் ஒருவர் துணை.

பெயர்ப் பட்டியலோடு எதிர்வீட்டு அம்மையாரிடம் போனேன். அவர் வருவாரா என்பதே எனக்கு ஐயம். அவருடைய மகன் வேண்டாம் என்று தடுத்துக்கொண்டிருந்தார். நான் புட்டுத்தோப்புக் கதையைச் சொன்னேன். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பயணப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“ரெண்டு இட்லி போதும் தம்பி. தட்டுல வேணாம், இலையில வைக்கச் சொல்லுங்க” என்றார்.

அவர் பெயருக்கு நேராக அப்படியே குறித்துக்கொண்டேன்.