பந்துக்கும் ஒரு கூரை வேண்டும்

2023 செப்டம்பரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டில், இந்திய ஆண்கள் கைப்பந்து அணி தென் கொரியாவை 3-2 என்று வீழ்த்தியது. 1966 முதல் 2018 வரை ஒரு ஆசிய விளையாட்டில்கூடப் பதக்கத்தைத் தவறவிடாத அணி கொரியா. கடைசி செட் 17-15 வரை இழுத்தது. அடுத்த ஒரு வாரத்துக்குள் ஜப்பானிடமும் பாகிஸ்தானிடமும் ஒரு செட்டைக்கூட எடுக்க முடியாமல் தோற்று, ஆறாம் இடத்தோடு நம் அணி ஊர் திரும்பியது. 1958 டோக்கியோவில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, 1986 சியோலில் வெண்கலம்: ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் பெற்ற பதக்கங்கள் இந்த மூன்றுதான். ஒலிம்பிக் வாசலை இதுவரை மிதித்ததில்லை. கொரியாவை வீழ்த்தத் தெரிந்த அணிக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறை, அந்தத் திறமை எந்தத் தரையில் பழகுகிறது என்பதில் இருக்கிறது. காவிரிப் படுகையில் அது பளிச்சென்று தெரியும்.

சம்பா அறுவடை ஓய்ந்து மாசி பிறந்தால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் ஊருக்கு ஊர் மின்னொளி கைப்பந்துப் போட்டிதான். தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, 18 மீட்டர் நீளம் 9 மீட்டர் அகலத்தில் மைதானம் தயாராகிவிடும். அங்கே துள்ளி எழுந்து பையன் அடிக்கிற அடி உலகத்தரம்தான். ஆனால் அவன் முட்டியைப் பாருங்கள். காய்ந்த களிமண் தரையில் பாய்ந்து விழுந்து பந்தை எடுத்தால் முழங்கையும் முட்டியும் தோலுரியும். ஆகவே விழாமல் ஆடவே உடம்பு பழகிக்கொள்கிறது. வலது கையில் வலு ஏறுகிறது. தாழ வரும் பந்தை ஏந்தும் இரு முன்கைகளும் பின்தங்கிவிடுகின்றன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்த ஆட்டமும் நின்றுபோகும். மார்கழி வரை மைதானம் சேறு. வருடத்தில் மூன்று மாதம் பந்தைத் தொடாத பதினைந்து வயதுப் பையன், பன்னிரண்டு மாதமும் கூரைக்குக் கீழே ஆடும் ஜப்பானியப் பள்ளி மாணவனோடு ஒருநாள் மோத வேண்டியிருக்கிறது.

ஜிம்மி ஜார்ஜ் கேரளத்து மண் மைதானத்திலிருந்துதானே வந்தார், 1986 வெண்கலத்தை வென்ற அணியில் அவர் இருந்தாரே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அன்றைய ஆட்டம் வேறு. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்பதால் வீணான சர்வீஸுக்குப் புள்ளி போகாது. தடுமாறினாலும் நிதானித்து மீள அவகாசம் இருந்தது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற விதியும், பந்தை எடுப்பதற்கென்றே லிபரோ என்ற தனி ஆட்டக்காரரும் வந்தபின் எல்லாமே மாறிவிட்டது. இன்று துள்ளிப் போடும் சர்வீஸ் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வருகிறது. அதை, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டரின் கைக்குக் கொண்டுசேர்க்காவிட்டால் எப்பேர்ப்பட்ட அடிப்பவரும் வெறுமனே நிற்க வேண்டியதுதான். ஹாங்சோ அணியில் இருந்த முத்துசாமியும் உக்கிரபாண்டியனும் தமிழ்நாட்டு செட்டர்கள். முதல் பந்து ஒழுங்காக வந்தால்தான் அவர்கள் கைவண்ணம் தெரியும்.

உயரம் போதாது என்பது இன்னொரு வாதம். 2003இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் பிரேசிலுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர்கள் நம் பிள்ளைகள். ஜப்பான் அணியின் நிஷிதா ஆறடிக்கு ஓரிரு அங்குலமே கூடுதல். அவரை வைத்துக்கொண்டுதான் ஜப்பான் 2024 நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை போனது. இந்தியக் கைப்பந்துச் சம்மேளனத்தின் உட்பூசல்தான் மூல நோய் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. 2016இல் சர்வதேசச் சம்மேளனம் இந்தியாவை இடைநீக்கம் செய்யும் அளவுக்கு அந்தப் பூசல் முற்றியது, அதன் விலையை ஆடுகிறவர்கள் கொடுத்தார்கள். ஆனால் நாளைக்கே நிர்வாகம் தெளிந்தாலும், பதினான்கு வயதில் படியாத பழக்கத்தை இருபத்திரண்டு வயதில் முகாம் போட்டு ஊட்ட முடியாது.

கடினமான கேள்வி உள்ளூரிலிருந்தே வரும்: கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையே மழையில் நனைந்து முளைக்கிறது, பந்துக்குக் கூரை கேட்கிறாயா? நெல்லுக்குத்தான் முதல் கூரை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அது நுகர்பொருள் வாணிபக் கழகம் செய்ய வேண்டிய வேலை. நான் கேட்பது விளையாட்டுத் துறையின் பணத்தை. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது என்பதும் பதிலாகாது. பேராவூரணியிலிருந்து அது அறுபது கிலோமீட்டருக்கு மேல். பள்ளிவிட்டு வரும் பையன் தினமும் போய்வர முடியுமா? வட்டத்துக்கு ஒன்றாக, ஏழு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் காற்றைத் தாங்கும் கூரையும், விழுந்தால் தோலுரியாத தரையும் உள்ள ஒரு கூடம் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா சனம் ஒதுங்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நெருக்கியடித்துக் கிடந்தது. புயல் நாளில் அந்தக் கூடம் அவர்களுக்கு; மற்ற நாள்களில், வெளியே நடவு வயலில் மழை கொட்டும்போது, உள்ளே பிள்ளைகள் பாய்ந்து விழுந்து பந்தை எடுத்துப் பழகட்டும்.