பிள்ளை பைக் கேட்கிறான்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசையை விட்டு நகரவில்லை. நம் சிங்கப்பூரின் பிடோக் நார்த்தில் வசிக்கும் ஒரு தாயார் எழுதியது. தேசிய சேவையை முடித்த மகன் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். “பைக்கே வேண்டாம் என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதினால் அதை வெட்டி அவன் அறைக் கதவில் ஒட்டிவிடுவேன்” என்று கேட்டிருக்கிறார்.

மன்னிக்க வேண்டும் அம்மா. அந்தப் பக்கத்தை எழுதும் தகுதி எனக்கு இல்லை.

நானும் பிடோக்கில் வளர்ந்தவன்தான். என் அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொன்னார். அதனால் நான் ஓட்டாமல் இருந்தேனா? மூன்று புளோக் தள்ளி நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக நடந்து வீட்டுக்கு வந்தேன். வீட்டில் தெரியக் கூடாதென்றால் தலைக்கவசத்தை எங்கே வைப்பது? நண்பனிடம் இரவல் வாங்கினேன். அவன் தலை பெரியது. கையுறை, ஜாக்கெட் என்ற பேச்சே இல்லை. ஒரு மழை இரவில் பிடோக் ரெசர்வார் சாலையில், தரையில் தீட்டியிருந்த வெள்ளை அம்புக்குறி மேல் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. அது என் திறமையல்ல. காற்பந்து விளையாடி விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உள்ளங்கையில் தோல் உரிந்த இடம் இன்றும் வழுவழுப்பாக இருக்கிறது.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: தடை போட்ட வீட்டில் பிள்ளை பைக்கை விடுவதில்லை, மறைக்கிறான். மறைத்து ஓட்டுபவன் எல்லாவற்றையும் இரவலில்தான் ஓட்டுவான். தடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் கூடவே கிளம்பிவிடுங்கள்.

முதலில் தலைக்கவசக் கடைக்கு. பைக் பார்க்கப் போகுமுன். காக்கி புக்கிட், ஊபி பக்கம் பட்டறைகளுக்கு நடுவே இந்தக் கடைகள் இருக்கின்றன. நம் பிடோக்கிலிருந்து பேருந்தில் சற்று நேரம்தான். அங்கீகரிக்கப்பட்ட சோதனை முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். முகம் முழுவதையும் மூடும் வகைக்கே என் ஓட்டு. விழும்போது தாடை தனியாகத் தப்பிக்காது. போட்டுப் பார்க்கும்போது கன்னம் இரண்டும் அழுந்தி, பையன் கொஞ்சம் தவளை மாதிரித் தெரிய வேண்டும். வாரைக் கட்டிவிட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தள்ளுங்கள். கழன்று முன்னால் வந்தால் அது அவன் அளவு இல்லை. கடையிலேயே பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் வேறு அளவு. பழையது, இரவல், கை தவறிப் பலமாகக் கீழே விழுந்தது, இவை எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் வெளியே தெரியாது.

வாரைக் கட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களை டெக்கா மார்க்கெட் பக்கம் தினமும் பார்க்கிறேன். போலிசுக்குப் பயந்து குடை பிடித்தது போல இருக்கும்.

இந்தத் தலைக்கவசத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி.இ.லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமலிருக்க பைக்கை ஒடித்துத் திருப்பி விழுந்தார். தலையில் அடி. ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். அந்த மரணம் அவரை விடவில்லை. போர்க்காலத்தில் பைக்கில் செய்தி கொண்டுபோன வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. இன்று காக்கி புக்கிட் அலமாரியில் வரிசையாக இருப்பவை அங்கிருந்து வந்தவைதான்.

கையுறை வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். மனிதன் விழும்போது கையைத்தான் முதலில் ஊன்றுவான்; என்னைக் கேளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஜாக்கெட்டா என்று பையன் முகம் சுளிப்பான். காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட்டுகள் வந்துவிட்டன. தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் காப்புப் பட்டை வைத்திருப்பார்கள். வண்டி நகர்ந்தால் வியர்வை காய்ந்துவிடும். கணுக்காலை மூடும் காலணி வேண்டும். கடைக்குத்தானே என்று செருப்போடு கிளம்புவதுதான் எனக்குப் பிடிக்காத காட்சி. புளோக் வாசலிலிருந்து பிடோக் 85 உணவங்காடிக்குப் போகும் தூரத்திலும் தார்ச்சாலைதான் இருக்கிறது.

பைக்கைப் பற்றிப் புதியவர்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அந்தக் கவலையில் பாதியைச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. பதினெட்டு வயதில் 2பி உரிமம் எடுக்கலாம், 200 சிசி வரை. ஓராண்டு ஓட்டிய பிறகே 400 சிசி வரைக்குமான 2ஏ, அதன்பின் இன்னும் ஓராண்டு கழித்துத்தான் பெரியவை. சென்னையில் செய்து இங்கே வரும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மீது பலருக்கு ஆசை. அப்பா ஊரில் புல்லட் வைத்திருந்தார் என்பார்கள். இருக்கட்டும், ஓராண்டு பொறுங்கள். அதுவரை பல்சர் 200, டியூக் 200, அல்லது 150 சிசி ஸ்கூட்டர் போதும். நின்றபடி இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா, விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். ஏபிஎஸ் பிரேக் உள்ளது கிடைத்தால் வேறு எதற்கும் கொடுக்காத காசை அதற்குக் கொடுங்கள்.

காசு என்றதும் சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது. மோட்டார் சைக்கிளுக்கான பத்தாண்டுச் சான்றிதழ் 2022இல் 13,000 வெள்ளியைத் தாண்டியபோது, சின்ன பைக்குகளில் இயந்திரத்தைவிடக் காகிதம் விலை கூடிவிட்டது. அதனால் பலரும் பழைய பைக்கைத் தேடுகிறார்கள். தவறில்லை. ஆனால் சான்றிதழ் முடியும் தேதியை முதலில் கேளுங்கள். நீங்கள் வாங்குவது மிச்சமிருக்கும் மாதங்களைத்தான். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ அழியாமல் இருக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார், ரப்பர் கிழடாகியிருக்கும். புதியவருக்குக் காப்புறுதிக் கட்டணம் கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்த்துவிட்டு, மிஞ்சுவதில் பைக்கைத் தேடுங்கள். பெரும்பாலோர் மிஞ்சுவதில் தலைக்கவசத்தைத் தேடுகிறார்கள்.

2024இல் சிங்கப்பூர்ச் சாலைகளில் 142 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றவர்களும். ஓடும் வாகனங்களில் பைக்குகள் ஏழில் ஒரு பங்குதான்.

இந்த விபத்துகள் எப்படி நடக்கின்றன? அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தார். இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டில், பைக்குக்குரிய வழியை அந்த வாகனம் பறித்திருந்தது. பார்க்கவில்லை என்பதே ஓட்டுநர்களின் பதில். விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் தாமாகவோ நண்பர், உறவினரிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த பைக்கோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை.

முறையாகக் கற்காதது என்ற இரண்டாவது குறையை நம் ஊர் பெருமளவு தீர்த்துவிட்டது. பயிற்சி நிலையத்தில் படிக்காமல் 2பி எடுக்க முடியாது. நமக்குப் பக்கத்தில் ஊபியில் ஒன்று இருக்கிறது. எட்டுப்போட்டு, ஒடுங்கிய பலகை மேல் ஏறி, நிறுத்து என்றதும் நின்று காட்ட வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். தேர்ச்சிக்குப் பின் ஓராண்டு ஆரஞ்சு நிறத் தகட்டோடு ஓட்ட வேண்டும்; அதற்குள் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்து.

மற்ற ஓட்டுநர்கள் பார்க்காதது என்ற முதல் குறையை எந்தப் பள்ளியாலும் தீர்க்க முடியாது. 1995 நவம்பர் முதல் பைக்குகளில் பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்று சட்டம் வந்ததே, அதுகூட நீங்கள் தென்பட வேண்டும் என்பதற்காகத்தான். எதிரே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார் உங்களைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிடோக் நார்த் சாலையின் சந்திப்புகளில் பச்சை விழுந்தாலும் நான் கை விரலை பிரேக் மீது வைத்துத்தான் கடப்பேன். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? அவருக்கு நீங்கள் இல்லை. அந்த இடத்தில் ஒரு நொடிகூடத் தங்காதீர்கள். முந்துங்கள் அல்லது பின்தங்குங்கள். ஈசிபி விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறீர்கள். முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர். இறங்கி நடந்து பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று புரியும்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து மிதக்கும் நேரம். வெள்ளைக்கோடு, அம்புக்குறி, வேலை நடக்கும் இடத்து இரும்புத் தகடு, இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், வளைவும் வேண்டாம். விரைவுச்சாலை மேம்பாலங்களின் அடியில் பைக்குகள் ஒதுங்க இடம் அமைத்திருக்கிறார்கள். அங்கே நிற்பது கோழைத்தனம் என்று நினைக்கும் வயதில்தான் நான் அந்த அம்புக்குறி மேல் விழுந்தேன்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒன்று: மகன் ஆரஞ்சுத் தகட்டைக் கழற்றும் நாளில் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை வரை போய் வாருங்கள். உங்களுக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பைக் ஓட்டும் வாசகர்களே, உங்கள் முதல் ஆண்டில் நீங்கள் செய்த தவறு ஒன்றை எழுதி அனுப்புங்கள். சாகசம் வேண்டாம், தவறு மட்டும். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில், பெயர் போடாமல் வெளியிடுகிறோம். உங்கள் வீட்டுக்குத் தெரிய வராது.

அன்புடன்,
ஆசிரியர்