இரும்பு மட்டும் போதாது

தென்பெருங்கடலில் இரும்பைக் கரைத்தால் மிதவைப் பாசிகள் பெருகி, கரியமில வாயுவை விழுங்கி ஆழத்தில் புதைத்துவிடும் என்கிறார் கடலுக்கு இரும்பு உரமிடலாம் என்று எழுதிய ஒரு கட்டுரையாளர். இது பாதி உண்மை. அங்கே நைட்ரேட் மிகுதி, இரும்புக்குத்தான் பஞ்சம். மீதிப் பாதி?

2009-ல் அதே கடலில் இந்திய, ஜெர்மானிய அறிவியலாளர்கள் 'லோஹாஃபெக்ஸ்' சோதனையில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள். பாசி பெருகத்தான் செய்தது. ஆனால் கோப்பிபாடு போன்ற சிற்றுயிர்கள் அதை மேய்ந்துவிட்டன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம்.

காரணம் நீரோட்டத்தில் இருக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றி ஆழத்திலிருந்து மேலெழும் நீர் சிலிக்காவைச் சுமந்து வருகிறது. அது வடக்கே நகரும்போது, டயாட்டம் என்னும் பாசிகள் தம் கண்ணாடி ஓட்டுக்காகச் சிலிக்காவை உறிஞ்சிக்கொள்கின்றன. வடக்கே சோதனை நடந்த நீரில் சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. கார்பனோடு மூழ்கக்கூடிய அந்தப் பாசி அங்கே எப்படி வளரும்?

மேலெழும் அதே நீர், ஆழத்தில் சேர்ந்த பழைய கார்பனையும் கொண்டுவந்து காற்றில் விடுகிறது. கட்டுரை இதைத் தொடவே இல்லை. கடலுக்கு உரமிடப் பணம் கேட்கும் முன், கட்டுரையாளர் லோஹாஃபெக்ஸ் முடிவுகளுக்குப் பதில் சொல்லட்டும்.