தாகமும் உப்பும்



வறட்சியே திராட்சைக்கு இனிமை தரும் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழம் நிறம் மாறியபின் பாசனத்தைச் சற்றுக் குறைத்தால் கொடியின் வீண் தழைப்பு அடங்கும், சாறு செறியும். அறுவடை நெருங்குகையில் மிகுதியாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். ஆனால் அதே தாகம் பூக்கும் பருவத்தில் நேர்ந்தால் பூ உதிரும். பிஞ்சில் நேர்ந்தால் பழம் சிறுத்துவிடும். பின்பு எவ்வளவு பாய்ச்சினாலும் முழுமையாக மீளாது.

உப்பு நீர் தருவதோ வேறொரு வறட்சி. மண் ஈரமாயிருந்தும் வேரால் நீரை உறிஞ்ச இயலாது, இலையோரம் கருகும். நம் நொய்யற்கரை உழவர் கண்டது இதுவே. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளில் உப்பு ஏறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. பனியன் தொழில் நம்மில் பலருக்குச் சோறிடுகிறது. ஆகையால்தான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

யோவான் 15ஆம் அதிகாரத்தின் தோட்டக்காரர் கொடியைக் கத்தரிக்கிறார். வேரில் உப்பைக் கொட்டுவதில்லை. அந்த உழவரிடம், துன்பம் உங்களை இனிமையாக்கும் என்று சொல்லாதீர்கள். அவர்தம் கிணறு இப்போது எப்படியிருக்கிறது என்று கேளுங்கள்.